பன்னாட்டு நிறுவனம் எதை முதலில் செய்யும்? அடையாறில் நடக்கும் ஒரு சனிக்கிழமைப் பயிற்சி

சென்னையில் ஐக்கிய நாடுகள் அமைப்பைப் பற்றிக் கற்றுத்தரும் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை குடிமைப் பணித் தேர்வை மனத்தில் வைத்து, எந்த அமைப்புக்கு எந்த ஊரில் தலைமையகம், எந்த ஆண்டில் தொடக்கம் என்பவற்றை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நின்றுவிடுகின்றன. அடையாறில் ஒரு சிறு பயிற்சி மையம் சனிக்கிழமைகளில் நடத்திவரும் குறுகிய காலப் பயிற்சி அந்த வகையைச் சேர்ந்ததன்று. உறுப்பு நாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமத்தும் பொறுப்புகள் தமக்குள் மோதிக்கொள்ளும்போது ஒரு பன்னாட்டு நிறுவனம் எதை முதலில் செய்கிறது, எதைத் தள்ளிப்போடுகிறது, அந்த முடிவை உண்மையில் யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வியைச் சுற்றியே முழுப் பாடத்திட்டமும் அமைந்திருக்கிறது. தொண்டு நிறுவனங்களில் திட்ட அறிக்கை எழுதுபவர்கள், பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள், ஐ.நா. வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணமுள்ள முதுகலை மாணவர்கள் என்று வகுப்பு கலவையாக இருந்தது. பாடம் நடத்துபவர் ஜெனீவாவிலும் தில்லியிலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அலுவலர்.

மையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். குறைகளையும் எழுதப் போகிறேன். அது இரண்டு அறைகளில் நடக்கும் சிறு முயற்சி. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: பணம் எந்த வழியாக வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்று தொடர்ந்து சென்ற அமர்வுகள் கட்டணத்துக்குத் தகுந்தவை மட்டுமல்ல, வேறெங்கும் தமிழில் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காதவை. மதிப்பெண் அட்டவணை போட்டு முன்னுரிமையைக் கணக்கிடக் கற்றுத்தந்த அமர்வுகளை ஒரு பிற்பகலுக்குள் முடித்திருக்கலாம்.

தொடக்க அமர்வு ஐ.நா. தலைமைச் செயலகத்தை எடுத்துக்கொள்கிறது. பொதுச் சபை அந்தச் செயலகத்துக்கு வகுத்துத் தந்திருக்கும் முன்னுரிமைகள் எட்டு என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் அவற்றைப் பலகையில் எழுதினார்: நீடித்த பொருளாதார வளர்ச்சி, அமைதியும் பாதுகாப்பும், ஆப்பிரிக்காவின் வளர்ச்சி, மனித உரிமை, மனிதநேய உதவிகளை ஒருங்கிணைத்தல், நீதியும் பன்னாட்டுச் சட்டமும், ஆயுதக் குறைப்பு, போதைப்பொருள் குற்றம் பயங்கரவாதம் ஆகியவற்றைத் தடுத்தல். எழுதி முடித்த பிறகு, இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஐ.நா. வேலை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். வகுப்பில் யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் முன்னுரிமை என்று அறிவித்துவிட்டால் யாருடைய மனமும் புண்படாது. ஆனால் நிதி குறையும் நாளில் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அலுவலராலும் எதையும் வெட்ட முடியாது.

இந்த நிலை ஏன் மாறவில்லை என்பதற்கு அவர் தந்த விளக்கம் நன்றாக இருந்தது. 2005 உச்சி மாநாட்டில், ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட பழைய பொறுப்புகளை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று உலகத் தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு அப்போதைய பொதுச் செயலர் கோஃபி அன்னான் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியது. அந்த மறுஆய்வு பெரிய விளைவு ஏதும் இல்லாமலேயே சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனது. பொறுப்புகளுக்குக் காலவரம்பு விதிக்கலாம் என்று அன்னான் 1997லேயே முன்வைத்த யோசனைக்கும் அதே கதிதான். ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்த நாட்டுக்கு அதன் மீது பற்று இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும் என்று சொல்லும் நாட்டுக்கு அதனால் கிடைக்கும் லாபம் சொற்பம், வந்து சேரும் பகை நிச்சயம். இதோடு 1986இல் நடந்த மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஐ.நா.வுக்குக் கட்ட வேண்டிய சந்தாவைப் பிடித்துவைக்கச் சட்டம் இயற்றி நெருக்கியதையடுத்து, வரவுசெலவுத் திட்டத்தை இயன்றவரை கருத்தொற்றுமையோடு நிறைவேற்றுவது என்ற ஏற்பாட்டுக்குப் பொதுச் சபை வந்தது. பணம் தரும் பெரிய நாடுகளை அமைதிப்படுத்தச் செய்த அந்த ஏற்பாடு, எந்த நாட்டுக்கும் பிடித்தமான வேலையை எளிதில் நீக்க முடியாத நிலையையும் கூடவே உண்டாக்கியது.

2025இல் பொதுச் செயலர் அந்தோனியோ குட்டெரெஸ் தொடங்கிய சீர்திருத்த முயற்சியின் பகுதியாக வெளிவந்த மறுஆய்வு அறிக்கையும் வகுப்பில் பேசப்பட்டது. அதன்படி, முந்தைய ஆண்டில் மட்டும் ஐ.நா. அமைப்பு 240 குழுக்களுக்காக 27,000 கூட்டங்களுக்குத் துணைநின்றிருக்கிறது; செயலகம் 1,100 அறிக்கைகளை எழுதியிருக்கிறது; அவ்வறிக்கைகளில் 65 விழுக்காடு 2,000 முறைக்கும் குறைவாகவே பதிவிறக்கப்பட்டிருக்கின்றன. அறிக்கைகள் மிகுந்துவிட்டன என்று சொல்வதற்கும் ஓர் அறிக்கை தேவைப்பட்டதை எண்ணி வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு ஆசிரியர் சொன்னதுதான் முக்கியம்: யாரும் படிக்காத அறிக்கையை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனத்தால் அன்று, அந்த அறிக்கையை நிறுத்துவது அதைக் கேட்ட நாட்டை நிறுத்துவதற்குச் சமம் என்பதால்தான்.

அடுத்து வந்த உலக சுகாதார நிறுவனம் பற்றிய அமர்வுகளே இந்தப் பயிற்சியின் உயிர். இங்கே பாடம் பட்டியலிலிருந்து பணப்பெட்டிக்கு நகர்கிறது. அப்போதிருந்த 194 உறுப்பு நாடுகள் கட்டிய சந்தா, 2020–21 என்ற இரண்டாண்டு நிதிக்காலத்தில் நிறுவனத்தின் மொத்த வரவுசெலவில் ஏறத்தாழ 16 விழுக்காடாக இருந்தது. மீதிப் பெரும்பகுதி அரசுகளும் அறக்கட்டளைகளும் விரும்பித் தரும் நன்கொடை. அதிலும் பெரும்பங்கு, இந்த நோய்க்கு, இந்த வட்டாரத்துக்கு, இந்த வேலைக்கு என்று பெயர் எழுதியே வருகிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதும் உறவினர் ஒவ்வொருவரும் இது மேளத்துக்கு மட்டும், இது மாலைக்கு மட்டும் என்று சொல்லி எழுதினால் பந்திக்கு அரிசி வாங்க யாரிடம் போவது என்று ஆசிரியர் கேட்டார். மே மாத உலக சுகாதாரப் பேரவையில் எல்லா நாடுகளும் கூடி நிறைவேற்றும் திட்டம் ஒன்றாக இருக்க, ஆண்டு முடிவில் எந்தத் துறையில் பணம் நிரம்பியது, எந்தத் துறை பட்டினி கிடந்தது என்று பார்த்தால் வேறொரு திட்டம் தெரிகிறது. முன்னுரிமையை வரிசைப்படுத்தியவர்களும் அதைத் தீர்மானித்தவர்களும் வேறு வேறு ஆட்கள் என்ற இந்த ஒரு செய்தியை ஆவணங்களைக் கையில் கொடுத்து, பக்கம் பக்கமாகக் காட்டி நிறுவியதற்காகவே இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பேன்.

எடுத்துக்காட்டாக அவர் வைத்தது மேற்கு ஆப்பிரிக்க எபோலா. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் நிறுவனத்துக்குப் பணம் குறைந்தது. 2011இல் ஜெனீவா தலைமையகத்தில் ஆட்குறைப்பு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொற்றா நோய்கள் குறித்து ஐ.நா. பொதுச் சபையே உயர்மட்டக் கூட்டம் நடத்தியது. நீரிழிவும் இதய நோயும் உலகில் மிகுதியான உயிர்களைக் கொள்கின்றன என்பதில் ஐயமில்லை. அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. 2014–15 திட்டத்தில் நோய்ப் பரவலுக்கும் நெருக்கடிக்கும் ஈடுகொடுக்கும் பணிக்கான ஒதுக்கீடு, முந்தைய நிதிக்காலத்தின் 46 கோடியே 90 லட்சம் டாலரிலிருந்து 22 கோடியே 80 லட்சம் டாலராக இறங்கியது. பேரிடர் வந்தால் அப்போது நன்கொடையாளர்கள் தருவார்கள் என்ற கணிப்பு அதன் பின்னால் இருந்தது. 2014 மார்ச்சில் கினியாவில் எபோலா அறிவிக்கப்பட்டது; பன்னாட்டு அவசரநிலை ஆகஸ்டு 8 அன்றுதான் அறிவிக்கப்பட்டது; நோய் அடங்குவதற்குள் 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாமதத்துக்குக் காரணங்கள் பல உண்டு, ஒதுக்கீட்டுக் குறைப்பு அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குறைப்பை எந்த நாடும் தனியாகக் கேட்கவில்லை என்பதையும், எல்லா நாடுகளும் சேர்ந்து வேறு எதையோ உயர்த்தச் சொன்னதன் விளைவாக அது நடந்தது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். 2016இல் அவசரகாலப் பணிகளுக்கெனத் தனித் திட்டம் உருவானது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

இளம்பிள்ளை வாதத்தை வைத்து நடத்திய பகுதி இந்திய மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1988இல் தொடங்கிய உலகளாவிய ஒழிப்பு முயற்சிக்கென்று வந்த பணம், நெடுங்காலம் உலக சுகாதார நிறுவனத்தின் வரவுசெலவில் மிகப் பெரிய ஒற்றைப் பகுதிகளில் ஒன்றாக இருந்தது. இந்தியாவில் 1997இல் அரசும் அந்நிறுவனமும் சேர்ந்து ஏற்படுத்திய கண்காணிப்பு வலையமைப்பு அந்தப் பணத்தில் வளர்ந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சு 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் இளம்பிள்ளை வாதம் அற்றதெனச் சான்று பெற்றது. அதற்குள் அந்த வலையமைப்பின் மருத்துவர்கள் தட்டம்மைக் கண்காணிப்பு, வழக்கமான தடுப்பூசி என்று பல வேலைகளைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நோய்க்கென்று வந்த பணம் மெல்ல மெல்லப் பொதுச் சுகாதாரத்தின் முதுகெலும்பாகிவிட்ட பிறகு, அந்த நோய் ஒழிந்ததற்காகப் பணத்தை நிறுத்தினால் எது நின்றுபோகும்? மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய ஓர் அம்மையார் இந்த இடத்தில் எழுந்து, “சார், எங்களுக்கு வண்டி போலியோ பணத்துல வந்துச்சு; அம்மைக்கும் அதே வண்டியிலதான் போனோம்” என்றார். பாடத்தின் அரை மணி நேர விளக்கத்தைவிட அந்த ஒரு வாக்கியம் வகுப்புக்கு விளங்கியது. இப்படி அனுபவமுள்ளவர்களைப் பேசவிடுவது ஆசிரியரின் பெரிய பலம்.

அண்மை நிலவரத்தையும் அவர் விடவில்லை. நிபந்தனையில்லாமல் வரும் பணத்தின் பங்கை உயர்த்த, 2022–23இன் அடிப்படை வரவுசெலவில் பாதி அளவுக்குச் சந்தாவை 2030–31க்குள் கொண்டுவருவது என்று 2022இல் பேரவை முடிவெடுத்தது. அதன்படி 2023இலும் 2025 மே மாதத்திலும் சந்தா 20 விழுக்காடு வீதம் உயர்த்தப்பட்டது. இதற்கிடையே அமெரிக்கா 2025 சனவரியில் வெளியேறுவதாக அறிவித்ததால், 2026–27க்கு முதலில் எண்ணியிருந்த 530 கோடி டாலர் திட்டம் 420 கோடியாகச் சுருங்கியது. நிறுவனத்தின் கையைக் கட்டியிருந்த கயிறு சற்றுத் தளரும் நேரத்தில் பெட்டியே சிறுத்துப்போனதை வைத்து, எந்த வேலைகள் முதலில் உதிர்ந்தன என்று தேடிப்பார்க்கச் சொன்னது நல்ல வீட்டுப்பாடம்.

இவ்வளவு நன்றாக நடத்தியவர், வரலாற்று அமர்வில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைத் தவறவிட்டதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். 1955இல் மெக்சிகோவில் கூடிய பேரவை மலேரியாவை ஒழிப்பது என்று முடிவெடுத்ததையும், நிறுவனத்தின் கவனத்தையும் பணத்தையும் அந்த இலக்கு விழுங்கியதையும், 1969இல் அந்த உத்தி கைவிடப்பட்டதையும், 1960களின் நடுவில் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்திருந்த இந்திய மலேரியா நோயாளர் எண்ணிக்கை 1976இல் 64 லட்சமாகப் பெருகியதையும் விரிவாகச் சொன்னார். 1966இல் பெரியம்மை ஒழிப்பைத் தீவிரப்படுத்த 24 லட்சம் டாலர் கேட்டபோது, மலேரியாவில் சூடுகண்டிருந்த தலைமை இயக்குநர் கந்தாவ் தயங்கியதையும், தேவையான பெரும்பான்மைக்கு மேல் இரண்டே வாக்குகள் கூடுதலாகப் பெற்று அந்த ஒதுக்கீடு பிழைத்ததையும், 1980 மே மாதத்தில் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதையும் சுவையாகவே சொன்னார். முன்னுரிமைக்கு உரியதென எல்லோரும் ஏற்றது தோற்றது, வேண்டாவெறுப்பாக ஏற்றது வென்றது என்பது நல்ல பாடந்தான்.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே நிறுவனத்தின் பெயரில், இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம், 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றோடு உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த ஆய்வு, நெருக்கடியான வீடுகளில் குறைந்த உணவோடு வாழ்ந்த ஏழை நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டாலும், சானடோரியத்தில் படுக்க வைத்து ஊட்டம் கொடுத்துச் செய்த சிகிச்சைக்கு ஈடான பலனைப் பெறுகிறார்கள் என்று 1959இல் அந்நிறுவனத்தின் இதழிலேயே வெளியிட்டது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்ததில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆரவாரமான ஒழிப்புத் திட்டத்துக்கு முன்னுரிமைப் பட்டம் கிடைத்த காலத்தில், பட்டம் எதுவும் இல்லாத ஓர் ஆய்வு மையம் செய்த வேலை எவ்வளவு நிலைத்தது என்று காட்ட இதைவிடச் சான்று வேண்டுமா? அடையாறிலிருந்து சேத்துப்பட்டு எட்டாத தொலைவு அன்று. ஜெனீவா ஆவணங்களை அச்செடுத்துத் தரும் மையம், ஒரு சனிக்கிழமை வகுப்பை அந்தக் கட்டடத்தை மையமாக வைத்து நடத்தியிருக்கலாம்.

இனி மதிப்பெண் அட்டவணை. நோய்ச்சுமை, செலவுக்கேற்ற பலன், நாடுகளின் கோரிக்கை, பிற அமைப்புகளைவிட நாம் நன்றாகச் செய்யக்கூடியதா என்ற தகுதி ஆகியவற்றுக்கு எடை கொடுத்து, ஒவ்வொரு பொறுப்புக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டி, வரிசைப்படுத்த வேண்டும். இந்தப் பகுதியை நடத்தியவர் வேறொரு பயிற்றுநர். மேலாண்மைக் கல்லூரி நடை. கணினித் திரையில் நிறங்கள் மாறின, வரிசைகள் மாறின, நேரமும் போயிற்று. எடைகளைச் சற்று மாற்றினால் முதலாவது கடைசிக்குப் போய்விடுகிறதே, அந்த எடைகளை யார் தீர்மானிப்பது என்று ஒரு மாணவி கேட்டதற்கு, பங்குதாரர்கள் கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள் என்பதே விடை. கூடிப் பேசித் தீர்மானிக்க முடிந்தால் அட்டவணையே தேவைப்படாதே.

இந்தக் கேள்விக்கு நேரான வரலாற்று விடை இருக்கிறது. அதைப் பயிற்சி ஒரே ஒரு பக்கத்தில் முடித்துக்கொண்டது. 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் கூடிய நாடுகள், அனைவருக்கும் ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பு என்ற அகன்ற இலக்கை ஏற்றன. மறு ஆண்டே, அவ்வளவும் செய்யப் பணம் இல்லாததால் மிகுதியாக உயிர் கொல்லும், குறைந்த செலவில் தடுக்கக்கூடிய சில நோய்களை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்ற வாதம் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரிடமிருந்து வந்தது; ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபின் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் 1982இல் தொடங்கிய குழந்தை உயிர்காப்பு இயக்கம் வளர்ச்சிக் கண்காணிப்பு, உப்புச்சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்று நான்கே வேலைகளை முன்னிறுத்தியது. நோய்ச்சுமைக்கும் செலவுக்கும் எடை கூட்டினால் யூனிசெஃபின் வழி வெல்லும். மக்களின் பங்கேற்புக்கும் நிலையான சுகாதார நிலையங்களுக்கும் எடை கூட்டினால் அல்மா-அட்டா வெல்லும். எடைகளுக்குள் அரசியல் ஒளிந்திருக்கிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. திரையில் நிறம் மாற்றிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் அந்த மாணவிக்கு விடை கிடைத்திருக்கும்.

பயிற்சியின் இறுதிக்கட்டமான ஒத்திகை அமர்வு இந்தக் குறையைப் பெரிதும் ஈடுகட்டிவிடுகிறது. வகுப்பை நன்கொடை நாடுகள், ஏழை நாடுகள், தலைமைச் செயலகம், நாட்டு அலுவலகங்கள் என்று பிரித்து, கற்பனையான ஒரு சுகாதார நிறுவனத்தின் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார்கள். எல்லோரும் எல்லாவற்றிலும் சமமாகக் குறைப்பது என்ற முடிவுக்குத்தான் முதலில் வந்தோம். ஏற்கெனவே மூன்று பேரோடு இயங்கும் பிரிவில் ஒருவரை எடுத்துவிட்டால் அந்தப் பிரிவு பெயரளவில் மட்டுமே உயிரோடு இருக்கும் என்று நாட்டு அலுவலகக் குழு காட்டிய பிறகு, ஏதாவது ஒன்றை முழுதாகக் கைவிட்டாக வேண்டும் என்ற நிலை வந்தது. அங்கேதான் வகுப்பு சூடுபிடித்தது. எதை நிறுத்தலாம் என்று செயலகம் எழுத்தில் முன்மொழிய மறுத்தது. நன்கொடை நாடுகள் தாங்கள் பெயரெழுதிக் கொடுத்த பணத்தைத் தொடக்கூடாது என்றன. ஏழை நாடுகள் ஒன்றுசேர்ந்து பேசவில்லை, தேநீர் இடைவேளையில் ஒவ்வொன்றும் தனித்தனியே போய்த் தன் திட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. கடைசியில் உதிர்ந்தது, பேசுவதற்கு யாரும் இல்லாத மருந்துத் தரக் கண்காணிப்பு. அதன் முக்கியத்துவம் குறைவு என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. ஆசிரியர் குறுக்கிடாமல் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யார் எந்த நேரத்தில் மௌனமாக இருந்தார்கள் என்று எழுதிவைத்த குறிப்பை வாசித்துக் காட்டினார். மிகக் கறாரான மதிப்பீடு; சிலருக்குச் சங்கடமாகவும் இருந்திருக்கும்.

ஐ.நா. அகதிகள் ஆணையத்தைப் பற்றிய பகுதி குறுகியது, ஆனால் சென்னைக்காரர்களுக்குப் பொருத்தமாக அமைந்தது. மூன்றே ஆண்டுக்கென்று 1951இல் வேலையைத் தொடங்கிய அமைப்பு, அகதிச் சிக்கல் தீரும்வரை இயங்கலாம் என்று 2003இல் பொதுச் சபை காலவரம்பை நீக்கும்வரை, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நீட்டிப்புப் பெற்றே வாழ்ந்தது. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. தமிழ்நாட்டு முகாம்களிலுள்ள இலங்கைத் தமிழர்களின் பராமரிப்பு அரசுகளின் கையில் இருக்கிறது. 1992இல் சென்னையில் அமைந்த ஆணைய அலுவலகத்துக்கு, நாடு திரும்புகிறவர்கள் தம் விருப்பத்தின்பேரில்தான் திரும்புகிறார்களா என்று உறுதிசெய்வதே முதன்மை வேலையாக இருந்தது. பாதுகாப்பது, நிலையான தீர்வு காண்பது என்ற இரு பொறுப்புகளில், இடமளிக்கும் அரசு கதவைத் திறந்த அளவுக்கே ஒன்றைச் செய்ய முடிந்தது. பணம் மட்டுமன்றி அனுமதியும் முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. உலக வங்கி பற்றிய பகுதி மேலோட்டமானது. வறுமை ஒழிப்பை இலக்காகக் கொண்ட வங்கி 2023இல் ‘வாழத்தகுந்த புவியில்’ என்ற சொற்களைத் தன் குறிக்கோளில் சேர்த்துக்கொண்டதைச் சொல்லி, காலநிலைக்கும் வறுமைக்கும் இடையே கடன் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று விளக்கத் தொடங்கிய இடத்திலேயே நேரம் முடிந்துவிட்டது. அந்த வங்கியின் பெரிய அலுவலகமொன்று தரமணியில் இருக்கும் ஊரில் இந்தப் பகுதிக்கு இன்னும் இடம் தந்திருக்க வேண்டும்.

நடைமுறைச் செய்திகள் சில. விளக்கம் பெரும்பாலும் தமிழில். கையேடுகள் முழுக்க ஆங்கிலத்தில். வரவுசெலவு ஆவணங்களைப் படித்துப் பழக்கமில்லாதவர்கள் தொடக்கத்தில் திணறுவார்கள். தமிழில் ஒரு கலைச்சொல் பட்டியலாவது தந்திருக்கலாம் என்று சொன்னபோது குறித்துக்கொண்டார்கள். அறை சிறியது, குளிர்சாதனம் பின்வரிசையை எட்டவில்லை, மே மாத வகுப்பைத் தவிர்ப்பது நலம். மதிய உணவு எளிய சைவச் சாப்பாடு, குறைசொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் ஐந்து இலக்கத்தில் இருப்பதால் மாணவர்களுக்குச் சுமைதான். கேட்டால் தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை. இறுதியில் தரும் சான்றிதழ் ஐ.நா. வேலைக்கு உதவும் என்ற எண்ணத்தோடு யாரும் சேர வேண்டாம். அதற்கு எந்த அமைப்பின் அங்கீகாரமும் இல்லை, மையமும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது அதன் நேர்மை.

பன்னாட்டு அமைப்புகளின் நிதியில் திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனப் பணியாளர்கள், அரசுத் துறைகளில் வெளிநிதித் திட்டங்களைக் கையாள்பவர்கள் ஆகியோருக்கு இந்தப் பயிற்சி நேரடியாகப் பயன்படும். தங்கள் திட்டம் ஏன் திடீரென நின்றது என்று கடிதம் எழுதிக் காத்திருப்பதற்குப் பதிலாக, எந்த நன்கொடையின் எந்த நிபந்தனை முடிந்தது என்று தாங்களே தேடிப்பார்க்க இங்கே பழகிக்கொள்ளலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறெங்காவது செலவிடலாம். சேரும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: ஆள் குறைவாக இருக்கும் அணிகளில் ஒத்திகை அமர்வை நீக்கிவிட்டு அந்த நேரத்தையும் மதிப்பெண் அட்டவணைக்கே கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் அடுத்த அணிக்குக் காத்திருங்கள்.